பதினெட்டு வாசக்குச்சியும் இன்னொன்றும்

அக்டோபர் 12

நாத்தனாருக்கு,

இரண்டரை வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். பயப்படாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. உன் அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ரோடு போடும் வேலைக்குப் போனால் சாயங்காலம் தார் வாசனையோடு வருகிறார். போனில் கூப்பிடலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நம் இரண்டு பேருக்கும் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். இது நான்காவது தாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ கொண்டுபோன வாசக்குச்சிச் செடி காய்க்கிறதா?

இங்கே காய்க்கவில்லை. இரண்டு வருஷமாக ஒரு காய் கிடையாது. நீ இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் நாலு செடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும், இலை உதிரும் சமயத்தில் உள்ளே சிவப்புச் சிவப்பாய்த் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது என்னிடம் பதினெட்டு இருக்கிறது. இருப்பதிலேயே நன்றாகப் பூத்த செடியாகப் பார்த்துக் குச்சி ஒடித்து, பதினைந்து வேர் பிடிக்க வைத்தேன். மார்ச்சில் வந்து பார்த்தால் அசந்துவிடுவாய். இலை ஒன்றுகூட இல்லாத குச்சியில் மஞ்சள் கொட்டிக் கிடக்கும். காய்தான் இல்லை.

காய் எனக்கு எதற்கு என்று கேட்பாய். தையல் ஆலையில் இரண்டு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு நர்சரி ஆரம்பித்திருக்கிறேன். வரும் ஜூன் இல்லை, அதற்கடுத்த ஜூன் ஒன்றாம் தேதி விடுப்பு முடிகிறது. மானேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்மா. நீங்க வந்துருவீங்க, எனக்குத் தெரியும்." அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னமும் காது சூடாகிறது.

நூலகத்துக்குப் பின்னால் பெரிய மரங்களின் நிழலில் ஒன்றும் வளராமல் கிடக்கிறதே, அந்த இடத்தில் இந்த மண்ணிலேயே முளைத்த செடியாக வைக்க வேண்டும் என்று தோட்டத்துறை அதிகாரியம்மா என்னிடம் நாற்பது வாசக்குச்சி கேட்டிருக்கிறார். குச்சி நட்டது கூடாதாம், விதையிலிருந்து முளைத்ததுதான் வேண்டுமாம். "ஒரே செடியோட குச்சிய ஒடிச்சு நட்டா நாப்பதும் ஒரே செடிதான். ஒரு நோய் வந்தா நாப்பதும் கூண்டோட போயிரும்" என்கிறார். வரும் மே இல்லை, அதற்கடுத்த மே முடிவதற்குள் முளைத்த நாற்றைக் காட்ட வேண்டும். காட்டினால் நர்சரி நிற்கும். இல்லையென்றால் நான் போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

வேறு எங்கேயும் விதை இல்லை. இந்தச் செடி நின்ற காடு இப்போது நாலுவழிச் சாலை. உனக்குத் தெரியாததா?

நீ போகும்போது வேரில் ஏதாவது செய்துவிட்டுப் போனாயா? கோபப்படாதே, கேட்டு வைக்கிறேன்.

அண்ணி

அக்டோபர் 27

அண்ணிக்கு,

கோபப்படாதே என்று எழுதிவிட்டுக் கேட்டால் எதையும் கேட்கலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

வேரில் நான் எதுவும் செய்யவில்லை. எனக்குச் செய்யத் தெரிந்தது ரத்தப் பரிசோதனை மட்டும்தான். என் செடியும் காய்க்கவில்லை. பூக்கிறது, அதுவும் ஏதோ கொஞ்சம். ஆடிப்போன சோகைச் செடியைக் கொடுத்துவிட்டுக் காய்க்கிறதா என்று கேட்கிறீர்களே!

அந்த நாலு செடியையும் சாலை வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் அண்ணனும் நானும்தான் தோண்டி எடுத்தோம். தள்ளுவண்டியை வீடுவரை தள்ளியது நான். ஊரை விட்டுப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டேன், அதுவும் ஓரத்தில் நின்ற பெரிய செடியை. நீங்கள் இருப்பதிலேயே நோஞ்சானாக ஒன்றைப் பிடுங்கிச் சாக்கில் சுற்றி, லாரிக்காரர் முன்னால் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "உனக்கு இதுவே அதிகம்." எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் பக்கத்தில் நின்று பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது.

நர்சரி நன்றாக நடக்கட்டும். அந்த மானேஜர் சிரித்தது எனக்கும் பிடிக்கவில்லை.

நாத்தனார்

நவம்பர் 8

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் "என்ன எழுதியிருக்கா?" என்றார். "ஒங்க பூட்ஸ விசாரிச்சிருக்கா" என்றேன். மனுஷன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனவர், சாப்பாடு ஆறும்வரை வரவில்லை.

மானேஜரைப் பற்றி நீ எழுதிய கடைசி வரிக்காக மற்ற வரிகளையெல்லாம் மன்னித்துவிட்டேன். நாற்காலியைப் பற்றி அவர் சொன்னது போகிறபோக்கில் வந்த வார்த்தை என்று நினைத்திருந்தேன், இல்லை. போன வாரம் ஆள் அனுப்பி, விடுப்பைப் பாதியில் முடித்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இங்கே இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. காலடியில் ஒரு விரல் உயரத்துக்கு மெத்தை. கூட்டிப் பெருக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். நிழல் செடிக்கு அந்த மெத்தைதான் போர்வை, உரம் எல்லாம். உன் செடிக்கும் விட்டு வை. சிமெண்டுத் தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெருக்கித் தள்ளிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அண்ணி

மார்ச் 2

அண்ணிக்கு,

பெருக்கவில்லை. இலை மெத்தை அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

முக்கியமான செய்தி. என் செடி நேற்று பூத்தது. சில பூக்களைக் கிள்ளி லேபுக்கு எடுத்துப்போய் மதிய இடைவேளையில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நடுவில் சூல் இருக்கிறது, பச்சையாய், குண்டாய். சுற்றி மகரந்தம் இல்லை. ஒரு துளிகூட இல்லை. எட்டுப் பூ பார்த்தேன், எட்டும் அப்படியே.

அண்ணி, இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரே செடியில் இரண்டும் கிடையாது. என்னுடையது பெண். தனியாக நிற்கிறது, எப்படிக் காய்க்கும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் பதினெட்டு செடியும் பூத்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு பூவைக் கறுப்புத் துணியில் தட்டிப் பாருங்கள். மஞ்சள் தூள் விழுந்தால் ஆண். பொதுவாக ஆண் செடிதான் பெரிதாக, அடர்த்தியாகப் பூக்கும். பெண் கொஞ்சமாகத்தான் பூக்கும், சோகையாகத் தெரியும்.

"நன்றாகப் பூத்த செடியாகப் பார்த்து" குச்சி ஒடித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாத்தனார்

மார்ச் 10

நாத்தனாருக்கு,

பதினெட்டும் ஆண்.

பழைய தையல் ஆலை மேலங்கியை விரித்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். கறுப்புத் துணி மஞ்சளாகிவிட்டது. பதினெட்டு தடிமாடுகள்! இரண்டு வருஷமாகத் தண்ணீர் ஊற்றி, தழை போட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒரு கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தை மட்டும். அழுகை வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் மறுபடி அழுகை வந்தது.

அந்தப் பின்னலுக்குள்ளே தொங்கிய சிவப்புக் காய் எல்லாம் உன் நோஞ்சான் செடியில் காய்த்தது. நாலும் காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூவைத்தான் பார்த்தேனே தவிர, எந்தக் கிளை எந்தச் செடியுடையது என்று ஒரு நாளும் விலக்கிப் பார்க்கவில்லை.

இப்போது கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தச் செடியைத் திருப்பிக் கொடு. லாரிச் செலவு என் பொறுப்பு. வேண்டுமானால் நீ கேட்ட பெரிய செடியை, அதோடு இன்னும் மூன்றையும் அனுப்பி வைக்கிறேன். யோசித்துக்கொண்டு இருக்காதே, பூ உதிர்ந்துவிட்டால் இந்த வருஷம் போயிற்று. இந்த வருஷம் போனால் எல்லாம் போயிற்று.

அண்ணி

மார்ச் 13

அண்ணிக்கு,

தர மாட்டேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. இந்தச் செடி ஆழமாக வேர் விடும் ஜாதி. போன முறை பிடுங்கியதற்கே இரண்டு வருஷம் செத்துப் பிழைத்தது. பூத்து நிற்கும்போது மறுபடி பிடுங்கினால் செத்துவிடும். உங்களுக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. லேபில் எல்லாரும் சோதனைக்குழாயைப் பார்த்துப் பேசுவார்கள். சாயங்காலம் வந்து அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உங்களைத் திட்டுவேன். நன்றாக, வாய் நிறையத் திட்டுவேன். அப்புறம் சாப்பிடப் பிடிக்கும். அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் செடி வர வேண்டிய அவசியம் இல்லை. மகரந்தம் வந்தால் போதும். பூத்த கிளைகளாக வெட்டி, அடியில் ஈரத்துணி சுற்றி அனுப்புங்கள். என் செடியில் இன்னும் பத்து நாள் பூ இருக்கும்.

நாத்தனார்

மார்ச் 17

இத்துடன் ஏழு கிளை. அட்டைப் பெட்டியில் ஈரத்துணி, மேலே பிளாஸ்டிக். தபால்காரரிடம் "செடி, கவனம்" என்று மூன்று முறை சொன்னேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கிளையை மட்டும் உடனே தண்ணீரில் வை.

அண்ணி

மார்ச் 21

அண்ணிக்கு,

பெட்டி இன்று வந்தது. மேலே ஏதோ கனமானதை வைத்திருக்கிறார்கள். பூவெல்லாம் நசுங்கி, பழுப்பாகி, ஈரத்தில் அழுகிவிட்டது. இருந்தும் பிரஷ்ஷால் தடவிப் பார்த்து, மைக்ராஸ்கோப்பிலும் வைத்தேன். மகரந்தம் கட்டிக்கொண்டுவிட்டது. பிரயோஜனம் இல்லை.

என் செடியில் மேல் கிளைகளில் பூ முடிந்துவிட்டது. சுவரோரம் நிழலில் இருக்கும் மூன்று கிளையில் மட்டும் இனிமேல்தான் விரிய வேண்டும். ஐந்தாறு நாள் தாங்கும். இன்னொரு பெட்டி தபாலில் வந்தால் இதே கதிதான். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

நாத்தனார்

மார்ச் 27

அண்ணிக்கு,

நீங்கள் சொல்லி அனுப்பினீர்களா, தானாகக் கிளம்பினாரா? கேட்டால் அண்ணன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

நேற்றுக் காலை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அண்ணன் நிற்கிறார், வேலை பூட்ஸோடு. கையில் மூடி போட்ட பெயிண்ட் வாளி. மூடியில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கிளையைச் செருகியிருக்கிறார். பூ ஒன்றுகூட நசுங்கவில்லை. ஒன்பது மணி நேரம் ரயிலில் அந்த வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "பூ வியாபாரமா?" என்று கேட்டாராம். "இல்லங்க, சம்பந்தம் பேசப் போறேன்" என்றாராம். என் அண்ணனா இது என்று எனக்கே ஆச்சரியம்.

அவரைக் கிளையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவாகத் தொட்டேன். மூன்று கிளையும் முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கை நடுங்காமல் பிடித்திருந்தார். மிச்சக் கிளைகளை வாளியோடு செடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம், ஈயும் வண்டும் தங்கள் பங்குக்குச் செய்யட்டும் என்று.

பாதி வேலையில், செடியைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

"தொறந்து என்ன சொல்லியிருப்பீங்க?"

"அது தெரியல. ஆனா தொறந்திருக்கணும்."

நான் அழுதேன். பூவில் கண்ணீர் படப்போகிறது என்று தள்ளி நின்று அழுதேன். அவர் கிளையை விடவில்லை. விட்டால் தூள் கொட்டிவிடுமே.

இன்று காலை வண்டியில் ஏற்றிவிட்டேன். காலி வாளியையும் கொண்டுபோகிறார், நல்ல வாளியாம்.

நாத்தனார்

செப்டம்பர் 19

அண்ணிக்கு,

ஐம்பத்தெட்டு.

மூன்று தடவை எண்ணினேன். அறுபத்து மூன்று காய்த்தது, வலை போடுவதற்குள் ஐந்தைப் பறவை கொண்டுபோய்விட்டது. அதன் பங்கு. காய்க்கு ஒரு விதைதான். சதையை நீக்கிக் கழுவி, நாற்பத்தெட்டு விதையை ஈர மணலில் பொதிந்து இந்த டப்பாவில் அனுப்பியிருக்கிறேன். இந்த விதை காய்ந்தால் செத்துவிடும். குளிர்காலம் முழுக்க ஈரமாக, குளிரிலேயே இருக்க வேண்டும். நீங்கள் மண்ணில் போட்டு வெளியிலேயே வைத்துவிடுங்கள். பத்தை மட்டும் நான் என் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் இருப்பது நல்லது.

விதையை அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். பதில் எதுவானாலும் விதை உங்களுடையதுதான். அந்த நோஞ்சான் செடியை அன்றைக்கு வேண்டுமென்றேதான் கொடுத்தீர்களா?

நாத்தனார்

செப்டம்பர் 30

நாத்தனாருக்கு,

ஆமாம். வேண்டுமென்றேதான் கொடுத்தேன்.

கை போன போக்கில் பிடுங்கினேன், அவசரத்தில் வாய் தவறியது என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். நாலு தாள் வீணாயிற்று. நாலு செடியையும் முந்தின நாளே சுற்றிப் பார்த்து, எது மட்டம் என்று பார்த்து வைத்தேன். "உனக்கு இதுவே அதிகம்" என்பதையும் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். கல்யாணமாகி, நீ போகும்வரை எட்டு வருஷம் இந்த வீட்டில் உன்னோடு இருந்தேன். எட்டு வருஷமும் நீ "எங்க வீடு", "எங்க காடு", "நானும் அண்ணனும் வச்ச செடி" என்றுதான் சொல்லுவாய். நான் துடைத்த ஜன்னலைக்கூட "எங்க ஜன்னல்" என்பாய். உனக்கு அது பேச்சுவாக்கு, அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டில் நான் விருந்தாளியா, வேலைக்காரியா என்று எனக்கே தெரியாத நாட்கள் இருந்தன. நீ போன அன்று, இனிமேலாவது இதில் எதையாவது என்னுடையது என்று சொல்லலாம் என்று இருந்தது. அதனால் நல்லதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டேன். பிடித்து வைத்துக்கொண்டு என்ன கண்டேன் என்று உனக்கே தெரியும்.

தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

விதை வந்தது. ஈரம் குறையவில்லை. நாற்பத்தெட்டையும் தொட்டியில் போட்டு, எலி தோண்டாமல் மேலே கம்பிவலை கட்டி, உன் அண்ணன் அதற்கும் மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறார்.

அண்ணி

அக்டோபர் 11

அண்ணிக்கு,

படித்தேன். நான் அப்படிப் பேசியது எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. இப்போது உறைக்கிறது. எங்க ஜன்னல்! எவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு.

நீங்களும் மன்னித்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள், மண் இறுகிவிடும்.

நாத்தனார்

மே 9

நாத்தனாருக்கு,

ஒன்றும் முளைக்கவில்லை.

குளிர் போய் ஒரு மாதம் ஆகிறது. அந்தப் பதினெட்டு தடிமாடுகளும் பூத்துத் தள்ளி, இப்போது இலை விட்டுவிட்டன. தொட்டியில் மட்டும் மண்தான். தினமும் காலையில் குனிந்து பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நேற்றுத் தாங்காமல் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். விதை அப்படியே இருந்தது, கறுப்பாய், கெட்டியாய். உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி புதைத்துவிட்டேன்.

அதிகாரியம்மா இருபத்தொன்பதாம் தேதி வருகிறார். மானேஜர் படிவம் அனுப்பியிருக்கிறார், வேலைக்குத் திரும்புகிறேன் என்று கையெழுத்துப் போட. இருபத்திரண்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். அரைக்கிணறு தாண்டிய கதையாகிவிட்டது என்னுடையது. உன் அண்ணன் "பொறு, பொறு" என்கிறார். எதுவரைக்கும் பொறுப்பது? கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை.

இதில் உன் குற்றம் எதுவும் இல்லை. நீ செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்துவிட்டாய்.

அண்ணி

மே 14

அண்ணி,

அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

என் ஃபிரிட்ஜ் விதை பத்தையும் ஏப்ரலில் எடுத்து ஜன்னல் ஓரத்தில், சூடான அறையில் வைத்தேன். இருபத்து நாலு நாள் ஒன்றும் இல்லை. லேபில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். போன செவ்வாய் ஒன்று வந்தது. இன்று பத்தும் வந்துவிட்டது. விதையில் தவறு இல்லை. உங்கள் மண் என் ஜன்னலைவிடக் குளிர்ந்தது, அவ்வளவுதான். தோண்டிப் பார்க்காதீர்கள்! அதன்மேல் தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது.

நான் வருகிறேன். பத்து நாற்றையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன், அண்ணன் வாளியை வைத்திருந்த மாதிரி. இருபத்தோராம் தேதி வியாழக்கிழமை காலை வண்டி. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். இரண்டு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். அதிகாரியம்மா வரும்போது நானும் பக்கத்தில் நிற்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று விளக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

உங்கள் நாத்தனார்

மே 21, காலை

என் நாத்தனாருக்கு,

நீ இப்போது ரயிலில் இருப்பாய். இது உன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நீ அங்கே இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் "லூசா நீ? சாயங்காலம் நேர்லயே சொல்லலாம்ல?" என்கிறார். சொல்லலாம். ஆனால் நேரில் உன்னைப் பார்த்தால் நான் அழுது தொலைப்பேன், எதுவும் ஒழுங்காகச் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருஷமாக உனக்கு எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

திங்கட்கிழமை மூன்று வந்தது. மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு, கூன் முதுகோடு. செவ்வாய் மொத்தம் ஏழு. நேற்றுப் பதினைந்து. இன்று விடிந்ததும் பார்த்தேன், இருபத்தாறு. இதை எழுத உட்காரும் முன் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன், இருபத்தேழு. நீ கொண்டு வருவதோடு முப்பத்தேழு. இன்னும் மூன்று வேண்டும், எட்டு நாள் இருக்கிறது.

இதில் எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை தெரியாதாம். அதற்கு ஐந்தாறு வருஷம் ஆகும் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப எது நல்லதுன்னு எப்படிப் பாப்ப?" என்று கேட்டார். "பாக்க மாட்டேன், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தண்ணி தெளிப்பேன்" என்றேன்.

மானேஜருக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன், பதினைந்தைப் பார்த்தவுடன். இருபத்தாறுக்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்கு வேலை இருக்கிறது, என் நாத்தனார் வருகிறாள் என்று எழுதினேன். கடைசி விஷயம் அவருக்கு எதற்கு என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதினேன்.

உன் அறை ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். நம்ம ஜன்னல்.

நீ இதைப் படிப்பது இரண்டு வாரம் கழித்துத்தான். இந்தக் கடிதம் உன் வீட்டு வாசலில் கிடக்கட்டும். இதைப் படிப்பதற்காக அவசரப்பட்டுத் திரும்பிப் போகாதே.

உன் அண்ணி